பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காவிட்டால்

முதலில், வாயைக் கொப்பளிக்காதீர்கள். குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் ரத்தத்தை நிறுத்தும் அடைப்பு. கொப்பளித்தாலும், துப்பினாலும், ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடும். 24 மணி நேரம் இவை வேண்டாம்.

நிமிர்ந்து உட்காருங்கள். சுத்தமான காஸ் துணியைக் கெட்டியாக மடித்து, லேசாக நனைத்து, சரியாகக் குழியின் மேல் வைத்து 30 நிமிடம் இறுகக் கடியுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டும். இடையில் எடுத்தெடுத்துப் பார்த்தால் உறைவது கலைந்துபோகும். பெரும்பாலும் இங்கேதான் காரியம் கெடுகிறது. நிற்காவிட்டால் புது காஸ், இன்னொரு 30 நிமிடம். காஸ் தீர்ந்துவிட்டால் வெந்நீரில் நனைத்து ஆறிய டீ பேக்கைக் கடிக்கலாம். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ரத்தம் உறைய உதவும்.

முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது சகஜம். ஒரு சொட்டு ரத்தமே வாய் முழுக்கச் சிவந்ததுபோல் காட்டும். வலிக்கு ஆஸ்பிரின் போடாதீர்கள். இதயத்துக்காக ஏற்கெனவே எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது.

இரண்டு முறை கடித்தும் வாய் ரத்தத்தால் நிரம்பினால் மருத்துவரிடம் போங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் இருட்டும்வரை காத்திருக்காதீர்கள். சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள், காஸைக் கடித்தபடியே வாருங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே 108.