கார் கிளட்ச்: எப்போது மாற்றுவது, எங்கே கொடுப்பது

பைபாஸில் ஐந்தாவது கியரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், முன்னால் போகும் லாரியைத் தாண்டலாம் என்று ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறுகிறது, ஆர்பிஎம் முள் 2,000-இல் இருந்து 3,000-க்குத் தாவுகிறது, ஆனால் வேகம் காட்டும் முள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று விநாடி போன பிறகுதான் வண்டி மெதுவாக இழுக்க ஆரம்பிக்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். கிளட்ச் போய்விட்டதா இல்லையா என்று யார் எத்தனை அறிகுறி சொன்னாலும் நான் முதலில் நம்புவது இந்த ஒன்றைத்தான்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை. அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஹைவேயிலேயே ஓடும் வண்டியில் ஒரு லட்சம் தாண்டியும் கிளட்ச் பிளேட் (இன்ஜின் சக்தியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும், தேய்கிற தட்டு) நன்றாக இருக்கும், அதே மாடல் கார் சென்னை டிராஃபிக்கில் அரைக் கிளட்சிலேயே நகர்ந்து நகர்ந்து ஐம்பதாயிரத்தில் கை விரித்துவிடும். யாராவது மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு “சார், கிளட்ச் மாத்திடலாம்” என்றால், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

நீங்களே பார்க்கலாம். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்காதீர்கள், தேய்ந்த கிளட்ச்கூட அப்போது ஒழுங்காகப் பிடிக்கும். அரை மணி நேரம் ஊருக்குள் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு, ஆளில்லாத சமமான ரோட்டில் நான்காவது கியரில் 40, 50 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. ஆர்பிஎம் மட்டும் ஓடி வேகம் பின்தங்கினால் ஸ்லிப். இரண்டுமே ஏறாமல் வண்டி மந்தமாக இருந்தால் அது கிளட்ச் இல்லை, ஏர் ஃபில்டர், டீசல் வண்டியென்றால் டர்போ ஹோஸ் என்று வேறு பக்கம் தேட வேண்டும். பிக்கப் இல்லை என்று சொன்னதுமே கிளட்சைக் கழற்றிய கதை நிறைய உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. மெக்கானிக் ஒரே ஒரு முறை செய்தால் சரி, நீங்கள் வீட்டு வாசலில் திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகும்.

ஸ்லிப் உறுதியானாலும் உடனே கியர் பாக்ஸை இறக்கச் சொல்ல வேண்டாம். கேபிள் கிளட்ச் உள்ள சின்ன கார்களில் பெடலை விரலால் அழுத்தினால் ஆரம்பத்தில் கொஞ்சம் லூஸாக இறங்க வேண்டும், ஃப்ரீ பிளே என்பார்கள். அது சுத்தமாக இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்கூட வழுக்கும். கேபிளை அட்ஜஸ்ட் செய்ய பத்து நிமிடம் போதும். அதன் பிறகும் வழுக்கினால் பிளேட்தான். அதேபோல ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைத்தால் அது பெரும்பாலும் கிளட்ச் முழுசாக விடாத கோளாறு. கேபிள் இழுபட்டிருக்கலாம், கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் என்றால் ஆயில் குறைந்து ஏர் ஏறியிருக்கலாம், மிதியடி பெடலுக்கு அடியில் சுருண்டு கிடந்து முழுசாக மிதிக்க விடாமல் இருந்ததைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

பெடலை மிதித்தால் மட்டும் கிர்ரென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் நின்றுவிட்டால் கியர் பாக்ஸ் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். பெடல் வரவர மேலே வந்து பிடிப்பது தேய்மானத்தின் அடையாளம்தான், ஆனால் ஹைட்ராலிக் வண்டிகளில் தேயத் தேயத் தானாகவே சரிக்கட்டிக்கொள்வதால் இது அவ்வளவாகத் தெரியாது. அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

சரி, ஸ்லிப் ஆரம்பித்துவிட்டது, இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்? மேல் கியரில், ஏற்றத்தில், முழு லோடில் மட்டும் வழுக்கினால் ஊருக்குள் மெதுவாகச் சில வாரம் ஓட்டலாம், நல்ல ஆளைத் தேட நேரம் இருக்கிறது. இரண்டாவது மூன்றாவது கியரிலேயே வழுக்கினால் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். முதல் கியரில் வண்டி நகரவே யோசித்தால் எடுக்காதீர்கள், ஷெட்டுக்குக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். தள்ளிப்போட்டால் செலவு ஏறுவதற்குக் காரணம், பிளேட்டில் லைனிங் தேய்ந்து ரிவெட் தலை வெளியே வந்துவிட்டால் அது ஃபிளைவீலையும் (பிளேட் ஒட்டிப் பிடிக்கும் இன்ஜின் பக்கச் சக்கரம்) பிரஷர் பிளேட்டையும் கீறிவிடும். டீசல் கார்கள் பலவற்றில் இருக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீலை (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) லேத்தில் கொடுத்துச் சீவ முடியாது, போனால் புதுசுதான், அதன் விலை பெரும்பாலும் கிளட்ச் செட்டைவிட அதிகம்.

மலைக்குப் போகும் திட்டம் இருந்தால் மேலே சொன்ன வாரக் கணக்கெல்லாம் செல்லாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டி 78,000 ஓடியிருந்தது, ஒரு மாதமாகவே ஆத்தூர் ரோட்டில் லேசாக வழுக்கியது எனக்குத் தெரியும், பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறைய சாமான். பாதி வளைவு தாண்டியதும் பிரேக் லைனிங் தீய்ந்த மாதிரி ஒரு கருகல் வாடை உள்ளே வந்தது. அடுத்த வளைவில் எதிரே பஸ் வர, நிறுத்தி மறுபடி எடுத்தேன். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, பிரேக்கை விட்டால் பின்னால் உருள்கிறது. பின்சீட்டிலிருந்து அம்மா “இறங்கிடட்டுமாப்பா?” என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. எல்லாரையும் இறக்கிவிட்டு ஓரமாக ஒதுக்கி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, இடம் கிடைத்த இடத்தில் திருப்பிக்கொண்டு கீழே வந்தோம். வழுக்கும் கிளட்சோடு இறங்கும்போது இன்ஜின் பிரேக்கிங்கை முழுசாக நம்ப முடியாது. இரண்டாவது கியரில் வைத்து, நடுநடுவே நிறுத்திப் பிரேக்கையும் ஆறவிட்டு இறங்க வேண்டியிருந்தது. வால்பாறைக்கு நாற்பது வளைவு, கொல்லிமலைக்கு எழுபது. சந்தேகம் இருக்கும்போதே ஊரில் மாற்றிவிட்டுப் போங்கள். பண்டிகை நாளில் மலையடிவாரத்தில் கிடைக்கிற ஆளிடம், கிடைக்கிற பிளேட்டைப் போட்டுக்கொள்ளும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

எங்கே கொடுப்பது என்பதில் என் கருத்து இது: கியர் பாக்ஸை இறக்கியதும் உங்களைக் கூப்பிட்டு ஃபிளைவீலைக் காட்டும் ஆளிடம் கொடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரோ தெருமுனை ஷெட்டோ, அது அடுத்த விஷயம். கம்பெனியில் ஒரிஜினல் பாகம், பில், வேலைக்கு வாரண்டி கிடைக்கும், கூலி அதிகம். டூயல் மாஸ் ஃபிளைவீல் உள்ள வண்டி, புது மாடல், கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே கியர் மாற்றும் ஆட்டோமேட்டட் மேனுவல் (ஏஎம்டி) வண்டி என்றால் அங்கேதான் போவேன். ஏஎம்டி வண்டிகளில் பிளேட் மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் கிளட்சைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அந்த வசதி எல்லா ஷெட்டிலும் இருக்காது. பழைய சின்ன பெட்ரோல் காருக்கு, அதே மாடலில் வாரம் இரண்டு கிளட்ச் இறக்கும் உள்ளூர் ஆள் போதும். எனக்கு அப்படி ஒருவரிடம் செட் 5,400, கூலி 2,500, சீல், கியர் ஆயில், லேத் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்துக்குள் முடிந்தது. காலையில் விட்டு சாயங்காலம் எடுத்தேன்.

கொடுப்பதற்கு முன் போனில் கேளுங்கள்: “அண்ணே, பிளேட் மட்டுமா, செட்டா?” செட் என்று சொல்பவர் சரியான ஆள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனென்றால் இந்த வேலையில் பெரிய கூலி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான். பேரிங்கில் மிச்சம் பிடித்து அது ஆறு மாதத்தில் கத்தினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். அதே காரணத்துக்காக, இறக்கியிருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் கசிவு இருந்தால் புது பிளேட்டில் ஆயில் பட்டு மறுபடி வழுக்கும். கியர் பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே, ஆயில் அழுத்தத்தில் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும் வண்டி என்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஃபிளைவீலைக் காட்டும்போது என்ன பார்ப்பது? விரலால் தடவுங்கள். வழவழவென்று ஒரே நிறமாக இருந்தால் துடைத்துவிட்டு அப்படியே போடலாம். நீலம் பாரித்த திட்டு, முடி மாதிரி வெடிப்பு, நகம் மாட்டும் கோடு இருந்தால் லேத்தில் லேசாகச் சீவ வேண்டும், ஆழமான வெடிப்பென்றால் மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டுப் புது பிளேட் போட்டால், முதல் கியரில் எடுக்கும்போது வண்டி கடகடவென்று உதறும்.

பாகம் நீங்களே வாங்கிக் கொடுப்பதானால் வேலியோ, லுக், எக்ஸெடி, அல்லது கார் கம்பெனியின் சொந்தப் பெட்டி, எதுவானாலும் சரி, பார்ட் நம்பரை உங்கள் மாடலோடும் வருடத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு போனால் எல்லாம் கிடைக்கும். ரீலைனிங் செய்த (பழைய தட்டில் புது லைனிங் போட்ட) பிளேட், பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி வரும் பழைய பிரஷர் பிளேட் இரண்டும் வேண்டாம். பிரஷர் பிளேட்டின் நடுவில் இருக்கும் விரல் நுனிகளைப் பாருங்கள், அங்கே வட்டமாகத் தேய்ந்த தடம் இருந்தால் அது ஏற்கெனவே ஓடியது. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு முன் 28 இருந்தது, அதனால் பழைய கொட்டேஷனை வைத்துப் பேசாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றி எடுத்த பிறகு முதல் 500 கி.மீ. வரை நிதானமாக ஓட்டுங்கள், மலை, முழு லோடு, அடுத்த வண்டியைக் கட்டி இழுப்பது எதுவும் வேண்டாம். அப்புறம் ஒருநாள் ஷெட்டுக்குப் போய் கேபிளின் ஃப்ரீ பிளேவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஆயில் ஒட்டினால் அங்கேயே அப்போதே அவரிடம் காட்டுங்கள்.