கனடா பி.ஆர். விண்ணப்பம்: போனவர்கள் சொன்னதைக் கேட்டுச் செய்யும் தவறுகள்

கனடாவுக்குப் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) போடலாம் என்று முடிவெடுத்ததும் நாம் முதலில் செய்வது, ஏற்கெனவே அங்கே போன ஒருவருக்குப் போன் போடுவதுதான். டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகனோ, பழைய ஆபீஸ் நண்பரோ, யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்த களைப்போடு ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். பெரிய உதவி அது. ஆனால் அவர் சொல்வது அவருடைய ஃபைலைப் பற்றி, அதுவும் அவர் போட்ட வருஷத்து விதிகளை வைத்து.

புள்ளிகள் போட்டு பி.ஆர்.-க்கு ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டது. 2022 நவம்பரில் வேலைகளை வகைப்படுத்தும் என்.ஓ.சி. எண்களே நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கத்துக்குப் போயின. 2023-ல் மருத்துவத் துறை, பிரெஞ்சு மொழி என்று பிரிவு வாரியாக ஆள் எடுக்கும் டிராக்கள் (விண்ணப்பிக்க அழைப்பு அனுப்பும் சுற்றுகள்) வந்தன. 2025 மார்ச்சில், வேலை ஆஃபருக்குக் கொடுத்துவந்த 50, 200 புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். 2019-ல் போனவர் "ஆஃபர் லெட்டர் இருந்தா ஸ்கோர் ஏறும்" என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அவர் போட்டபோது அது உண்மை. இன்று அதை நம்பி ஆஃபர் லெட்டருக்குப் பணம் கொடுப்பவருக்குப் பணமும் போகும், போலி லெட்டர் என்று தெரிந்தால் ஃபைலும் போகும்.

என்னை மிகவும் வருத்தும் தவறு கல்யாணத்தை மறைப்பது. தனி ஆளாக விண்ணப்பம் போட்டிருப்பார்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வீட்டில் பெண் பார்த்து, முகூர்த்தம் குறித்து, கல்யாணமும் முடிந்துவிடும். "இப்போ சொன்னா ஃபைல் தள்ளிப்போகும், நீ முதல்ல போய் இறங்கு, அப்புறம் ஸ்பான்சர் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கனடா விதிப்படி, நீங்கள் பி.ஆர். ஆவதற்குள் உங்களுக்கு இருக்கும் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் உங்களோடு வரப்போவதில்லை என்றாலும் சொல்ல வேண்டும், அவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். சொல்லாமல் விட்டவரைப் பிற்பாடு குடும்ப ஸ்பான்சர்ஷிப்பில் கூப்பிட முடியாது என்பதுதான் பொது விதி. சில விலக்குகளைச் சிறப்புக் கொள்கையாகத் தந்திருக்கிறார்கள். அதை நம்பி ஒரு குடும்பம் வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது. கல்யாணம் ஆனாலும் சரி, குழந்தை பிறந்தாலும் சரி, உடனே தெரிவித்துவிடுங்கள். ஃபைல் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

அடுத்தது, பழைய விசா மறுப்பை மறைப்பது. கனடாவோ வேறு நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுத்ததா என்று படிவத்தில் கேட்பார்கள். படிக்கப் போகலாம் என்று சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று, மறுக்கப்பட்டு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். "வேற நாடுதானே, இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று யாரோ சொன்னதைக் கேட்டு 'இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு மறுப்பு இருப்பதாலேயே பி.ஆர். கிடைக்காமல் போவதில்லை. அதை மறைத்தது தெரிந்தால்தான் ஆபத்து: தவறான தகவல் தந்ததாகச் சொல்லி 5 வருஷம் கனடாவுக்குள்ளேயே வர முடியாதபடி தடை விதிக்கலாம்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே இருக்கும் தலைவலி. டிகிரி சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, சிலருக்கு சர்நேம் கட்டமே காலி. வடக்கே இருந்து போன நண்பரின் படிவத்தைப் பார்த்து நிரப்பினால் இங்கேதான் இடிக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். சர்நேம் காலியாக இருந்தால், முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, சொந்தப் பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு விளக்கக் கடிதம் சேர்த்துவிடுங்கள்.

வேலை அனுபவத்துக்கு ரிலீவிங் லெட்டர் போதும் என்று நினைப்பவர்களும் அதிகம். பதவி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்பதெல்லாம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வேண்டும். நம் ஊர் எச்.ஆர். பலரும் வேலை விவரம் எழுதித்தர மறுப்பார்கள். அப்போது மேனேஜரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கி, சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஏன் முழு லெட்டர் கிடைக்கவில்லை என்ற விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இதை, விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த பிறகு தொடங்காதீர்கள். அழைப்பு வந்தால் உங்களுக்கு 60 நாள்தான். நண்பரின் லெட்டரில் இருந்த வரிகளை அப்படியே காப்பி அடிக்கவும் வேண்டாம். நீங்கள் செய்த வேலையை எழுதுங்கள்.

அங்கே போய்க் குடியேறப் பணம் இருக்கிறது என்று காட்டுவதில் ஒரு விஷயம்: கடன் வாங்கிப் போட்ட பணம் செல்லாது, வீடு நிலத்தின் மதிப்பும் கணக்கில் வராது. கடைசி 6 மாதச் சராசரி இருப்பையும் பேங்க் லெட்டரில் கேட்பார்கள்.

"இங்கிலீஷ்ல 7.5 வந்தா போதும்" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் லிசனிங் 8, மற்ற மூன்றும் 7 இருந்தால்தான் கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி.-யில் எல்லாத் திறனிலும் 9 வரும். முதுகலை முடித்து, கனடாவுக்கு வெளியே மூன்று வருஷ அனுபவம் உள்ள தனி ஆள் லிசனிங்கில் 7.5 வாங்கி, மற்றதில் 7 வாங்கினால், அந்த அரை பேண்டுக்காக 58 புள்ளிகளை இழக்கிறார். மறுபடி எழுதுங்கள். அகாடமிக் தேர்வு இதற்குச் செல்லாது என்பதையும் பதிவு செய்யும்போதே பாருங்கள்.

ஏஜென்ட் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞராகவோ, குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் சி.ஐ.சி.சி. என்ற அமைப்பில் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த அமைப்பின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். "எங்க பேரு வேண்டாம் சார், நீங்களே போட்ட மாதிரி போட்டுடலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். யார் நிரப்பினாலும், சமர்ப்பிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்கள் படித்துப் பார்த்து, ஒரு பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.