லண்டனுக்கு குழந்தையோட வர்றீங்களா? பல்லு விஷயத்துல நாங்க பட்டத படிச்சுட்டு வாங்க

போன மாசம் சேலத்துலேர்ந்து புதுசா வந்த ஒரு ஃபேமிலி எங்க வீட்டுக்கு சாப்பிட வந்தாங்க. பையனுக்கு மூணு வயசு. மடியில வச்சு பேசிட்டே அவன் மேல் உதட்ட லேசா தூக்கிப் பாத்தேன், முன் பல்லுல ஈறை ஒட்டி சுண்ணாம்புல இழுத்த மாதிரி வெள்ளையா ஒரு கோடு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. எங்க பாப்பாவுக்கும் இதே கோடு இருந்துச்சு, சொத்தை இப்படித்தான் ஆரம்பிக்கும்னு அப்ப எங்களுக்கு தெரியாது. அதான் உக்காந்து எழுதறேன்.

பதிவு பண்ற வேலைய மொதல்ல சீக்கிரம் சொல்லிடறேன். ஜிபி (ஏரியா ஃபேமிலி டாக்டர்) கிட்ட பதிஞ்சா பல்லும் அதுலயே சேர்ந்துடும்னு நெனைக்காதீங்க, டென்டிஸ்ட் தனியா தேடணும். விசாவுக்கு பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776 பவுண்டுன்னு அரசாங்க வைத்தியத்துக்கான ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பீங்க, ஆனாலும் பெரியவங்க பல்லுக்கு காசு குடுத்துதான் பாக்கணும். 18 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்கு என்ஹெச்எஸ்ல, அதாவது இந்த ஊர் அரசாங்க மருத்துவ சேவையில, ஃப்ரீ. மாசமா இருக்கறவங்களுக்கும், பிரசவமாகி ஒரு வருஷம் வரைக்கும் ஃப்ரீதான். உங்க ஏரியா கிளினிக்குக்குத்தான் போகணும்னு கட்டாயம் கிடையாது. இடம் இல்லன்னு வெப்சைட்ல போட்டிருந்தாலும் போன் போட்டு குழந்தைக்கு மட்டும் இடம் இருக்கான்னு கேளுங்க, எங்களுக்கு பதினோராவது கிளினிக்லதான் கெடச்சுது.

அந்த பதினோரு போனுக்கு நடுவுலதான் நாங்க மாட்டினோம்.

ஒரு ப்ரைவேட் கிளினிக். குழந்தைங்களுக்கு மென்மையா, இயற்கையா, உடம்பு முழுசையும் பாத்து 'ஹோலிஸ்டிக்' வைத்தியம்னு போட்டிருந்தாங்க. உள்ள போனா மரப் பொம்மை, மெல்லிசா பாட்டு, பாப்பா அழவே இல்ல, நமக்கு இதான் சரின்னு என் வைஃபும் நானும் பாத்துக்கிட்டோம். சொத்தை வராம இருக்க பேஸ்ட்ல கலக்கற ப்ளோரைடு இருக்கே, அது விஷம், பேஸ்ட்ட நிறுத்துங்க, இந்த மூலிகைப் பொடியும் தேங்கா எண்ணெயும் போதும், பால் பல்லு தானா சரியாகிடும்னாங்க. மூணு தடவ போனோம், ஒவ்வொரு தடவையும் 160 பவுண்டு.

ஏன் நம்பினோம்னு சொல்லணும். நான் தருமபுரிக்காரன். எங்க ஊர்ல போர் தண்ணியில ப்ளோரைடு அதிகம், எங்க சித்தப்பா சிரிச்சா பல்லெல்லாம் பழுப்பு வரி வரியா தெரியும், அவர் செட்டுல பாதி பேருக்கு அப்படித்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே இந்த ப்ளோரைடு பிரச்சினைக்காகத்தான் வந்துச்சு. அப்படி ஒரு ஊர்லேர்ந்து வந்தவன் கிட்ட ப்ளோரைடு விஷம்னா உடனே தலையாட்டத்தான் செய்வான். ஆனா இங்க கணக்கே வேற. அங்க நெலத்தடி தண்ணியிலேர்ந்து அளவுக்கு மீறி வருஷக்கணக்கா வயித்துக்குள்ள போகுது, இங்க பல்லு மேல தடவி துப்பறோம். லண்டன் குழாய்த் தண்ணியில ப்ளோரைடு கலக்கறது கிடையாது, பர்மிங்காம் மாதிரி சில இடத்துலதான் கலக்கறாங்க, பர்மிங்காம்ல 1964லேர்ந்து, அதுவும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான். பேஸ்ட்டையும் நிறுத்திட்டா பல்லுக்கு காவலே இல்ல.

எங்கம்மா வேற வீடியோ கால்ல, பால் பல்லு தானப்பா, விழுந்து மொளைக்கும் விடுன்னாங்க. ராத்திரி பாட்டில்ல நாட்டுச்சக்கரை போட்ட பால், சீனி இல்லயே நல்லதுதானேன்னு நாங்களும் குடுத்துட்டு இருந்தோம். நாட்டுச்சக்கரையோ தேனோ பல்லுல இருக்கற கிருமிக்கு எல்லாம் ஒண்ணுதான்.

ஆறு மாசத்துல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு பாப்பா கன்னத்த புடிச்சுட்டு எழுந்துட்டா, விடியறதுக்குள்ள தாடை வீங்கிடுச்சு. என்ஹெச்எஸ் உதவி நம்பர் 111க்கு போன் பண்ணினோம். (வீக்கம் கண்ணு பக்கம் ஏறினாலோ, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டாலோ போன்ல நிக்காதீங்க, நேரா ஏ அண்ட் இ (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) போங்க.) கடைசியில ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்து கீழ் கடவாப் பல்லு ரெண்டையும் எடுத்தாங்க. இந்த ஊர்ல முழு மயக்கம் குடுத்து பல்லு எடுக்கறது ஆஸ்பத்திரியில மட்டும்தான், அதுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல மாசக்கணக்கு. நாலு வயசுப் பிள்ளை மாஸ்க்க பாத்து அப்பா வேண்டாம்ப்பான்னு என் சட்டைய புடிச்சுக்கிட்டா. அந்த கடவாப் பல்லு பத்து, பதினோரு வயசு வரைக்கும் இருந்து அடியில வர்ற பல்லுக்கு இடம் புடிச்சு வைக்க வேண்டியது, சும்மா விழுந்துபோற பல்லு இல்ல.

இதுக்கப்புறம்தான் மென்மையா பாக்கறதுன்னா என்னன்னு கண்ணால பாத்தோம், அதுவும் காசே இல்லாம. அந்த பதினோராவது கிளினிக் டென்டிஸ்ட் முதல் நாள் வாயத் தொறக்கவே சொல்லல, பொம்மை பல்ல எண்ணிக் காட்டினாங்க, அப்புறம் பாப்பா விரல் நகத்துல ப்ரஷ்ஷ சுத்த விட்டாங்க, ரெண்டாவது தடவதான் கண்ணாடி வாய்க்குள்ள போச்சு. மேல ஒரு கடவாப் பல்லுல சொத்தை இருந்துச்சு, அதுக்கு ஊசியும் இல்ல ட்ரில்லும் இல்ல. பல்லு இடுக்குல சின்ன ரப்பர் வளையம் போட்டு சில நாள் கழிச்சு வரச் சொன்னாங்க, அப்புறம் ஒரு ஸ்டீல் தொப்பியில சிமெண்ட் வச்சு பல்லு மேல மாட்டி, பஞ்சக் கடி கடின்னாங்க, அவளே கடிச்சு உக்கார வச்சுட்டா. இதுக்கு ஹால் டெக்னிக்னு பேரு, ஸ்காட்லாந்துல நார்னா ஹால்னு ஒரு டென்டிஸ்ட் பண்ணிட்டு வந்த முறை. சொத்தைய உள்ளயே அடைச்சுட்டா சாப்பாடு கெடைக்காம கிருமி அடங்கிடும், பல்லு விழும்போது தொப்பியும் சேர்ந்து விழுந்துடும். ரொம்ப பயப்படற பிள்ளைங்கள கம்யூனிட்டி டென்டல் சர்வீஸுக்கு (சாதாரண கிளினிக்ல பாக்க முடியாதவங்களுக்கான என்ஹெச்எஸ் பல் சேவை) அனுப்பச் சொல்லி டென்டிஸ்ட் கிட்டயே கேக்கலாம்.

அதனால எந்த கிளினிக்குக்கு போன் பண்ணினாலும் ப்ளோரைடு வார்னிஷ் (பல்லு மேல பூசற ப்ளோரைடு பூச்சு) போடுவீங்களான்னு முதல்ல கேளுங்க, மூணு வயசுலேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவ போடணும். வேண்டாம்னு பேச ஆரம்பிச்சா போன வச்சுடுங்க. டென்டிஸ்ட் பேர ஜெனரல் டென்டல் கவுன்சில் (இந்த ஊர் டென்டிஸ்ட்டுங்கள பதியற அமைப்பு) பதிவுல பாருங்க, அதுல குழந்தை பல் வைத்தியத்துக்கு ஸ்பெஷலிஸ்ட் லிஸ்ட் இருக்கு, ஹோலிஸ்டிக்னு ஒண்ணு கிடையாது. மூணு வயசுக்குள்ள பேஸ்ட் லேசா பூசின மாதிரி, கொறஞ்சது 1,000 பிபிஎம் ப்ளோரைடு இருக்கணும் (ட்யூப்ல ppm-னு போட்டிருக்கும்), மூணுக்கு மேல பட்டாணி அளவு. துப்பச் சொல்லுங்க, தண்ணி ஊத்தி கொப்பளிக்க வேண்டாம், நம்ம பழக்கத்துக்கு இது கஷ்டம்தான், ஆனா கொப்பளிச்சா பேஸ்ட் அத்தனையும் கழுவிட்டுப் போயிடும். சாப்பிட்டு வாய் கொப்பளிக்கற நம்ம ஊர் பழக்கம் ரொம்ப நல்லது, அத விட்டுடாதீங்க.

அந்த சேலம் பையனுக்கு வர்ற செவ்வாக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு, கோடு இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு, ஓட்டை விழல. நான்தான் கூட்டிட்டுப் போறேன். தன்னோட வெள்ளிப் பல்ல அவனுக்கு காட்டணும்னு பாப்பாவும் கூட வர்றா.