எங்க மாஸே 35க்கு மூணு சிலிண்டர் இஞ்சின் மாத்தின கதை

தாத்தா காலத்து மாஸே ஃபெர்குசன் 35 டிராக்டர், பழைய நாலு சிலிண்டர் டீசல். வயசாகி இஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுருச்சு, வண்டிய எடைக்குப் போட மனசே வரல. அதனால பழைய இரும்புக்கடையில ஒரு பெர்கின்ஸ் 3.152 இஞ்சின் தேடிப் புடிச்சேன், 2.5 லிட்டர், மூணு சிலிண்டர். இஞ்சின மட்டும் வாங்காம ஃப்ளைவீல், பின் பிளேட், ரேடியேட்டர், முன்பக்க பிராக்கெட் எல்லாத்தையும் சேத்தே வாங்கிட்டேன், அங்கதான் பாதி வேலை மிச்சமாச்சு.

இந்த வண்டிக்கு தனியா சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, இஞ்சின்தான் முன்னையும் பின்னையும் இணைக்கிற முதுகெலும்பு. போல்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி முன் ஆக்ஸிலுக்கு ரெண்டு பக்கமும் மரக்கட்டையில ஆப்பு அடிச்சே ஆகணும், இல்லன்னா முன்பக்கம் அப்படியே சாஞ்சிடும், கீழ ஆள் இருந்தா உயிருக்கே ஆபத்துங்க. கியர்பாக்ஸுக்கு அடியில ஜாக்கி, இஞ்சினுக்கு செயின் பிளாக்.

ரொம்பப் படுத்தினது கிளட்ச்தான். பிடிஓவுக்கும் (பின்னாடி மாட்டுற கருவிகளை ஓட்டுற ஷாஃப்ட்) சேத்து ரெட்டை கிளட்ச், ரெண்டு பிளேட்டும் நேர்கோட்டுல நிக்கலன்னா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ள போகவே போகாது, ரெண்டு நாள் மல்லுக்கட்டி கடைசியில லேத்துல ஒரு கட்டை கடைஞ்சு அதை வச்சு சென்டர் பாத்ததும் ஒரே தள்ளுல சேந்துச்சு. ஹைட்ராலிக் பம்ப் பின்னாடி ஹவுசிங்குக்குள்ளயே பிடிஓ ஷாஃப்ட்ல ஓடுறதால கலப்பையைத் தூக்குற லிஃப்ட்ல கை வைக்கவே தேவைப்படல.

அப்புறம் டீசல் லைன்ல சிக்கியிருந்த காத்தை ஃபில்டர்ல, டீசல் பம்புல, கடைசியா இன்ஜெக்டர் நட்டுல வெளிய எடுத்தோம். மூணாவது தடவை சுத்தினப்போ இஞ்சின் புடிச்சிருச்சு. அப்பா பக்கத்துல நின்னு பானெட்ல கைய வச்சுக்கிட்டே இருந்தாரு.