மூன்று ஆன்டிவைரஸ் போட்டும் முடங்கிய கணினி: தேர்வு செய்வதில் நாம் செய்யும் தவறுகள்

மயிலாடுதுறையில் இருக்கும் என் மாமா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுப் பால் வாங்கக் கிளம்புவார். திரும்பி வரும்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சென்ற முறை போயிருந்தபோது, "இதற்கு என்ன கேடு என்று பார் மாப்பிள்ளை" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். கடிகாரத்துக்குப் பக்கத்தில் மூன்று கேடயச் சின்னங்கள் வரிசையாக நின்றன. ஒன்று கணினி வாங்கியபோதே உள்ளே இருந்தது. இன்னொன்று பழுதுபார்க்கும் கடையில் போட்டுக்கொடுத்தது. மூன்றாவது, இலவசம் என்று மாமாவே இறக்கிக்கொண்டது. "வாசலுக்கு மூன்று பூட்டு போட்டால் கெட்டியாகத்தானே இருக்கும்?" என்றார்.

பூட்டென்றால் சரிதான். ஆனால் ஆன்டிவைரஸ் செய்வது காவலாளியின் வேலை. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது குறுக்கே வந்து, பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். இரண்டு காவலாளிகள் இருந்தால் ஒரே பையை இருவரும் அவிழ்ப்பார்கள். அதோடு நிற்பதில்லை. ஒருவர் பிடித்து அடைத்து வைத்த வைரஸை இன்னொருவர் பார்த்துவிட்டு "இங்கே வைரஸ் இருக்கிறது" என்று கூச்சல் போடுவார். இடையில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்குவது கணினி. எப்போதும் விழித்திருந்து காவல் காக்கும் மென்பொருள் ஒன்றுதான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மட்டும் கூப்பிட்டுத் தேடச் சொல்லும் கருவிகள் வேறு வகை. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் போன்றவை அப்படிப்பட்டவை. அவற்றைக் கூட வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஏற்கெனவே உள்ளே இருப்பவரை மறப்பது

"ஆன்டிவைரஸ் எது வாங்கலாம்?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், கணினியில் இப்போது எதுவுமே இல்லை என்ற எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது உண்மை. 2009-இல் மைக்ரோசாஃப்ட் தன் இலவச ஆன்டிவைரஸைத் தனியாக வெளியிட்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற பெயரில் முழு ஆன்டிவைரஸே விண்டோஸுக்குள் வந்துவிட்டது. இன்னொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸைப் போட்டால் டிஃபெண்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். அதை முறையாக நீக்கினால் திரும்ப வந்து பொறுப்பேற்கும்.

விற்பவர் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்லிவிடுகிறேன்: மின்னஞ்சல், வங்கி வேலை, பிள்ளைகளின் பாடம், யூடியூப் என்று ஓடும் ஒரு வீட்டுக் கணினிக்கு, விண்டோஸ் அசலாகவும் அப்டேட்டுகள் ஒழுங்காகவும் இருந்தால், டிஃபெண்டர் போதும். பணம் கொடுத்து வேறொன்று வாங்குவது குற்றமில்லை. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: பிள்ளைகள் பார்க்கும் தளங்களைக் கட்டுப்படுத்தும் வசதி, சிக்கல் என்றால் தொலைபேசியில் உதவிக்கு ஓர் ஆள், இப்படி ஏதாவது. "பணம் கொடுத்தால் நல்லதாகத்தான் இருக்கும்" என்பது காரணத்தில் சேராது. விபிஎன் (இணையத்தில் நம் இருப்பிடத்தை மறைக்கும் வசதி), குப்பை நீக்கி, வேகம் கூட்டி என்று பொட்டலத்தில் சேர்த்துக் கட்டித் தரும் சாமான்களுக்காக வாங்குவதும் அப்படித்தான்.

டிஃபெண்டர் இருக்கிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று நம்பிவிடுவது அடுத்த தவறு. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் ஒருவனின் கணினியில் இதைக் கண்ணாரக் கண்டேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் எல்லாம் பச்சை நிறம், எல்லாம் நலம். வைரஸ் பகுதியின் செட்டிங்ஸுக்குள் போய், அடிமட்டத்தில் இருக்கும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற பட்டியலைத் திறந்தேன். இந்த இடங்களைச் சோதிக்காதே என்று ஆன்டிவைரஸுக்கு நாம் கொடுக்கும் விலக்குப் பட்டியல் அது. அதில் ஒரே ஒரு வரி: சி டிரைவ். விண்டோஸ் குடியிருக்கும் வட்டு முழுவதற்கும் விலக்கு. திருட்டு விண்டோஸுக்கு உயிர் கொடுக்கும் ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டுவதற்காக, அதனுடன் வந்த குறிப்பில் சொன்னபடி யாரோ செய்த வேலை. காவலாளியை மாடி அறையில் உட்கார வைத்துவிட்டு வாசலைத் திறந்து போட்ட கதை. இந்தக் கணினியில் உலகத்திலேயே விலை உயர்ந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும், அடுத்த ஆக்டிவேட்டர் "முதலில் ஆன்டிவைரஸை அணை" என்று கேட்கும்போது அந்தப் பையன் அணைக்கத்தான் போகிறான். உங்கள் வீட்டில் கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தது வெளியாள் என்றால், இன்றே அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருக்க வேண்டும்.

பழைய விண்டோஸுக்குப் புதுக் காவல்

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. "நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று போட்டுவிட்டால் பழைய விண்டோஸிலேயே காலம் தள்ளலாமே" என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். 2017 மே 12-இல் வான்னாகிரை என்ற ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ், உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம். அந்த அப்டேட்டைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பது அப்டேட்டின் வேலை. ஆன்டிவைரஸிடம் அதற்குச் சிமெண்ட் கிடையாது.

எதை நம்பித் தேர்ந்தெடுப்பது

'தலைசிறந்த பத்து ஆன்டிவைரஸ்கள்' என்ற தலைப்பில் வரும் பட்டியல்கள் பலவற்றில், நீங்கள் அந்த இணைப்பைச் சொடுக்கி வாங்கினால் எழுதியவருக்குத் தரகு போகும். முதலிடம் எப்படி முடிவாகியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ். முடிவுகளை இலவசமாகவே பார்க்கலாம். ஏவி-டெஸ்ட் மூன்று பிரிவுகளில் தலா 6, மொத்தம் 18 மதிப்பெண் போடுகிறது: வைரஸைப் பிடிக்கும் திறன், கணினியை எவ்வளவு மந்தமாக்குகிறது, நல்ல கோப்புகளை வைரஸ் என்று தவறாகப் பிடிக்கிறதா என்பவை.

எல்லோரும் முதல் பிரிவை மட்டும் பார்க்கிறார்கள். முன்னணி ஆன்டிவைரஸ்களுக்குள் அங்கே பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. வீட்டில் தினமும் தலைவலி தருபவை மற்ற இரண்டும்தான். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு இரண்டாவது மதிப்பெண் உயிர்நாடி. மூன்றாவதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஏப்ரல் 21 சாட்சி. அன்று மெக்கஃபி அனுப்பிய ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அடிப்படைக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. ஏராளமான கணினிகள் அணைவதும் எழுவதுமாகத் தவித்தன.

சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7, புனேவின் குயிக் ஹீல் என்று நம் நாட்டு நிறுவனங்களும் களத்தில் உள்ளன. நம்மவர் என்ற பாசமோ, வெளிநாட்டுச் சரக்கு என்ற மயக்கமோ வேண்டாம். அந்த மூன்று மதிப்பெண்களைப் பார்த்து முடிவெடுங்கள். வாங்கிப் போட்டது விழித்திருக்கிறதா என்று பார்க்க, ஐகார் என்ற அமைப்பு ஒரு சோதனைக் கோப்பு வைத்திருக்கிறது. வெறும் 68 எழுத்துகள் கொண்டது, எந்தத் தீங்கும் செய்யாது. அதை இறக்கியவுடன் ஆன்டிவைரஸ் துள்ளி எழ வேண்டும். எழவில்லை என்றால் தூங்குகிறது என்று பொருள்.

இலவசமும் சந்தாவும்

இலவச ஆன்டிவைரஸ் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிறுவனம் எதை விற்றுப் பிழைக்கிறது என்று கேட்டுக்கொள்ளாமல் போடுவது தவறு. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020-இல் அம்பலமானது. 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதற்காக 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. வெறுத்துப்போய் ஏவிஜிக்கோ அவிராவுக்கோ மாறியவர்களுக்கு இன்னொரு செய்தி: அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். ஒரே வீட்டுக்குள் அறை மாறியதுதான் மிச்சம்.

மொத்தமாக மூன்று ஆண்டுக்கு வாங்கினால் மலிவு என்பார்கள். அமெரிக்க அரசு 2024-இல் ரஷ்ய ஆன்டிவைரஸான காஸ்பர்ஸ்கியைத் தடை செய்தபோது, அங்கே முன்பணம் கட்டியிருந்தவர்களில் பலர் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், காஸ்பர்ஸ்கி போய் அல்ட்ராஏவி என்ற கேள்விப்படாத ஒன்று தானாக உட்கார்ந்திருந்தது. ஓர் ஆண்டுக்கு மேல் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

தள்ளுபடி விலை முதல் ஆண்டுக்குத்தான் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கார்டு எண்ணைக் கொடுத்து வாங்கினால் புதுப்பிப்பும் தானாகவே நடக்கும். 15,000 ரூபாய்க்குள் என்றால் அந்தப் பணம் ஓடிபி கேட்காமலேயே போக முடியும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். கடையில் அட்டைப் பெட்டியாக வாங்குவதென்றால், கடைக்காரர் முன்னிலையிலேயே பெட்டியில் உள்ள உரிம எண்ணைச் சுரண்டிப் பதிந்து, காலாவதித் தேதி திரையில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சத்தம் போடுவதெல்லாம் ஆன்டிவைரஸ் இல்லை

மாமாவின் கணினியில் நான் உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குள் வலது மூலையில் ஒரு பெட்டி முளைத்தது. சிவப்பு எழுத்து, கேடயம், "உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன" என்று ஆங்கிலத்தில் மிரட்டல். மாமா உள்ளே போய்ச் சட்டைப் பையிலிருந்து டெபிட் கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "தினமும் பத்து முறை வருகிறது. கட்டித் தொலைத்துவிடுவோம்" என்றார்.

அந்தப் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று குரோம். இன்னொன்று வாயில் நுழையாத ஏதோ இணையதளம். எப்போதோ பஞ்சாங்கம் தேடிப் போன இடத்தில் "அனுமதி" என்ற பொத்தானை மாமா அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தளம் அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலைத் திறந்தால், அப்படிப் பதினொரு தளங்கள். எல்லாவற்றையும் நீக்கினேன். ஐந்து வைரஸ்களும் அந்த நிமிடமே காணாமல் போயின. ஆன்டிவைரஸ் வாங்கும் முடிவைப் பலர் எடுப்பது இப்படி ஒரு பெட்டியின் மிரட்டலில்தான். திரை முழுவதும் சிவந்து, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள் என்று வந்தாலும் கதை இதுவே. எந்த உண்மையான ஆன்டிவைரஸும் உங்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லி அலறாது. அழைத்துப் பேசி, கணினியை அவர்கள் கையில் கொடுத்துப் பணமும் போய்விட்டது என்றால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். நாமே மனமுவந்து கதவைத் திறந்துவிடும்போது தடுப்பதற்கு எந்த ஆன்டிவைரஸாலும் முடியாது.

இன்னொன்று பென் டிரைவ். ஜெராக்ஸ் கடையில் செருகிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். ஆன்டிவைரஸ் அந்த ஷார்ட்கட்டுகளை அழித்ததும் பென் டிரைவ் வெறுமையாகத் தெரியும். "ஆன்டிவைரஸ் என் கோப்பையெல்லாம் தின்றுவிட்டது" என்று ஆன்டிவைரஸையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆத்திரத்தில் பென் டிரைவை ஃபார்மேட் செய்தவர்களையும். பெரும்பாலும் கோப்புகள் அங்கேயேதான் இருக்கும், வைரஸ் மறைத்து வைத்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, 'பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை' என்ற குறியையும் எடுத்துவிட்டால் மங்கலாக எட்டிப் பார்க்கும். முக்கியமானவற்றுக்கு வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே விட்டால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மாமாவின் மூன்று கேடயங்களையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். வழக்கமான முறையில் இரண்டுதான் போயின. மூன்றாவது அடம்பிடித்ததால் அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை இறக்கி ஓட்ட வேண்டியிருந்தது. டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. முழுச் சோதனை முடிய மதியச் சாப்பாட்டு நேரம் ஆனது. வைரஸ் ஒன்றும் இல்லை. புதுப்பிப்புக்கென்று மாமா ஒதுக்கியிருந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் ஒன்றை வாங்கிப் போட்டோம். இப்போது அவர் செருப்பு மாட்டுவதற்குள் கணினி எழுந்துவிடுகிறது. அவருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். கடிகாரத்துக்குப் பக்கத்து இடம் வெறிச்சென்று இருக்கிறதாம்.