நாலு நாள்ல பல்லு வெள்ளையாயிருமுங்களா?

தை பொறந்துட்டா எங்க கிளினிக்குல கலியாணக் கூட்டம் ஆரம்பிச்சுரும். கோபியில ஒரு பல் டாக்டர்கிட்டப் பதினோரு வருசமா உதவிக்கு நிக்கறேனுங்க. போன வாரம் ஒரு புள்ளை வந்துச்சு. "ஏனுங்க்கா, அண்ணன் கலியாணம், இணைச்சீருக்கு நாந்தான் உக்காரோணும். நாலு நாள்ல பல்லு வெள்ளையாயிருமுங்களா?" இணைச்சீருங்கறது எங்க பக்கத்துக் கலியாணத்துல மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவ உக்காரற சீருங்க. அதுகிட்டச் சொன்னதைத்தான் இங்க எழுதறேன்.

கண்ணாடியை எடுத்துட்டு வாசலுக்கு வாங்க. பல்லை ஒரு துணியில தொடைச்சுட்டுப் பகல் வெளிச்சத்துல பாருங்க. கீழ் முன்பல்லுக்கு உள்பக்கம் நகத்தை வெச்சு இழுத்தாச் சொரசொரன்னு தட்டுதா? அது காரை, பல்லுல படிஞ்சு கல்லாட்டம் இறுகுன அழுக்கு. டீ, காப்பி, வெத்தலை, பொகையிலை, இரும்புச்சத்து டானிக் இதுகளோட கறையும் மேலாப்புலதான் படியும். கிளீனிங் பண்ணுனாலே போயிரும். நெறையப் பேருக்கு அதோட வேலை முடிஞ்சுது. வெளுக்கற மருந்து காரையைத் தாண்டிப் பல்லுக்குள்ள ஏறாதுங்கறதால, எதைச் செய்யறதா இருந்தாலும் இதுதான் மொதல்ல.

ஒரே ஒரு பல்லு மட்டும் கருத்திருந்தா, சின்ன வயசுல விழுந்து அடிபட்டு நரம்பு செத்திருக்கலாம். அதுக்கு வேர் சிகிச்சை பண்ணிப் பல்லுக்குள்ளயே மருந்து வெச்சு வெளுக்கோணும். மேல எதைத் தடவியும் பிரயோசனமில்லை.

என் பல்லு இது ரெண்டுலயும் சேராது. நான் பொறந்தது சேலம் மாவட்டத்துல ஒரு போர்த்தண்ணி ஊரு. தண்ணியில புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதும்பாங்க. எங்க போர்ல அதை யாரு அளந்து பாத்தாங்க? பல்லு உருவாகற சின்ன வயசுல அந்தத் தண்ணியைக் குடிச்சு வளந்ததுல முன்பல்லு ரெண்டுலயும் பழுப்புக் கோடு, நடுநடுவே சுண்ணாம்பு தெளிச்சாப்புல வெள்ளைத் திட்டு. வளந்தப்பறம் காவிரித் தண்ணி குடிச்சாலும் அந்தக் கோடு அழியாது.

காலேஜ் படிக்கையில எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் வெச்சு ஒரு மாசம் தேய்ச்சேன். கோடு அப்படியே இருந்துச்சு, எளநி குடிச்சாக்கூடப் பல்லு வெடுக்குனு கூசுச்சு. புளிப்பு பல்லோட மேல் ஓடான எனாமலைக் கரைச்சுரும், கரைஞ்ச எனாமல் திரும்ப வளராது. அதுக்கு அடியில டென்டின்னு இருக்கற உள்பகுதியோட நெறமே மஞ்சள்தான். அப்ப எனாமல் தேயத் தேயப் பல்லு இன்னும் மஞ்சளாத்தான தெரியும்? உமிக்கரி, செங்கல் பொடி, இப்ப டப்பாவுல வர்ற கரிப்பவுடர் எல்லாம் அதே ராவற வேலைதான். எங்க அம்மாயி ஆயுசுக்கும் உமிக்கரிதான். பல்லுக் கழுத்துல விரல் நகம் உக்காரற அளவுக்குப் பள்ளம்.

வெள்ளையாக்கற பேஸ்ட்டு மேல் கறையை எடுக்கும், அவ்வளவுதான். சிலதுல லேசா நீலச்சாயம் இருக்கும், வேட்டிக்கு நீலம் போடற மாதிரி. கொஞ்ச நேரத்துக்கு வெள்ளையாக் காட்டும்.

வீட்டுலயே செய்யோணும்னா நான் சொல்றது டிரே. டாக்டர் பல்லுக்கு அளவெடுத்து மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் உறை செஞ்சு குடுப்பாரு. 10 சதம் கார்பமைடு பெராக்சைடுங்கற வெளுக்கற ஜெல்லை ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு அரிசி அளவு வெச்சு, ஈறுல வழியறதைத் தொடைச்சுட்டு, ராத்திரிக்குப் போட்டுட்டுத் தூங்கோணும். ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரியும். 1989-லயே எழுதி வெச்ச முறைங்க இது. கூசுச்சுன்னா ஒரு ராத்திரி விட்டுட்டு அடுத்த நாள் போடுங்க. ஆன்லைன்ல வர்ற டிரே எல்லார் வாய்க்கும் ஒரே அளவு, ஜெல் ஒழுகி ஈறு வெந்துரும்.

கிளினிக்குல பண்றது ஒரு மணி நேர வேலை. ஈறு மேல பிசின் மாதிரி ஒண்ணைத் தடவி லைட் அடிச்சு இறுக வெப்போம். அப்பறந்தான் 35 சதம் சுமாருக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. கால் மணிக்கு ஒருக்கா மாத்தி மூணு தடவை. மருந்து எங்கயாச்சும் ஈறுல பட்டா வெள்ளையா வெளிறிப் போயிரும், எரியும், சட்டுனு கழுவீருவோம். நீல லைட்டு வெச்சாத்தான் வெளுக்கும்னு கூடக் காசு கேட்டா யோசிங்க, வேலை செய்யறது மருந்துதான். எந்திரிச்சதும் பளீர்னு தெரியும், பல்லு காஞ்சிருக்கறதால. ஒரு வாரத்துல நெறம் கொஞ்சம் எறங்கித்தான் நிக்கும். அதனாலதான் விசேசத்துக்கு மூணு வாரம் முன்னாடியே வரச் சொல்றோம்.

ரெண்டு நாளைக்கு டீ, காப்பி, பீட்ரூட் வேண்டாம். மஞ்சள் வெளையற சீமையில மஞ்சத்தூள் இல்லாம அரிசியும்பருப்பும் ஆக்கறது பாவந்தான், இருந்தாலும் சந்தகையும் தேங்காப்பாலும் தின்னுட்டுச் சமாளிங்க. பல்லு மேல மாட்டுன கேப்பும் (செயற்கை உறை) ஓட்டையில அடைச்சதும் வெளுக்காது. பக்கத்துப் பல்லு வெளுத்ததும் அது தனியாத் தெரியும்னு முன்னாடியே மனசுல வெச்சுக்குங்க. மாசமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க தள்ளிப் போடுங்க. சொத்தை இருந்தா அதை மொதல்ல அடைச்சுருங்க.

என் கோட்டை டாக்டர் பாலிஷ் மாதிரி லேசா ராவி எடுத்துட்டு அப்பறம் டிரே குடுத்தாரு. மொத வாரம் வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாத் தெரிஞ்சு அழுதுட்டேன். அப்பறம் அடங்கீருச்சு. பழுப்பு மங்கியிருக்குது, போகலை.

இணைச்சீர்ப் புள்ளைக்குக் கிளீனிங் மட்டும் பண்ணி விட்டோம். வாய் கொப்புளிச்சுட்டு நாக்கால தடவிப் பாத்துட்டு, "அக்கா, பல்லுக்கு நடுவுல சந்து தெரியுதுங்க, பல்லை ராவீட்டீங்களா?"ன்னுச்சு. கிண்ணத்துல கெடந்த காரைத் துண்டை எடுத்துக் காட்டுனேன். அந்தச் சந்துல இத்தனை வருசமா இருந்தது அதுதான்.