காருக்கு அடியில ஸ்கிட் பிளேட், நாமளே செஞ்சு மாட்டுறது எப்படி

ஸ்கிட் பிளேட்னா இன்ஜினுக்கு அடியில கல்லு படாம இருக்க மாட்டுற பாதுகாப்புத் தகடு. மண் ரோட்டுல, கல்லு ரோட்டுல வண்டி ஓட்டுறவங்களுக்கு அந்த "டங்"னு ஒரு சத்தம் நல்லாவே தெரியும், அடியில எங்க பட்டுச்சோன்னு வயிறு கலங்கும். பெரும்பாலும் முதல்ல அடி வாங்குறது ஆயில் சம்ப்தான், அதாவது இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்கி நிக்கற தொட்டி. அது தகடு சம்பா இருந்தா நசுங்கும், வார்ப்பு அலுமினியமா இருந்தா விரிசல் விடும். நசுங்குனா ஒண்ணும் ஆகலன்னு விட்றாதீங்க, ஆயில் உறிஞ்சுற குழாய் சம்போட அடிக்கு ரொம்ப கிட்டக்க இருக்கும், அடி மேல எழும்புனா அந்த வாய் அடைபட்டு இன்ஜினுக்கு ஆயில் போறது குறைஞ்சிடும். கம்பெனில இருந்தே அடியில ஒரு பிளாஸ்டிக் கவர் வருமே, அது தண்ணி தெறிக்காம இருக்கவும் காத்து ஓட்டத்துக்கும்தான், கல்ல தாங்காது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க. ஸ்கிட் பிளேட்டோட வேலை கல்லு மேல வழுக்கிட்டுப் போறது, மோதி நிக்கறது இல்ல. தடிமனா ஒரு தகட வாங்கி நாலு போல்ட்டுல தொங்கவிட்டா போதும்னு நிறைய பேர் நெனக்கிறாங்க, ஆனா தகடு எவ்ளோ தடிமன்ங்கறத விட அது எதுல மாட்டியிருக்கு, எந்த கோணத்துல இருக்குங்கறதுதான் முக்கியம்.

முதல்ல வண்டிய தூக்கணும்

சமமான கெட்டி தரையில நிறுத்துங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க, பின் சக்கரத்துக்கு கட்டை வைங்க, இன்ஜின் நல்லா ஆறட்டும். ஜாக்கிய மேனுவல்ல சொல்லியிருக்கற இடத்துல மட்டும் கொடுத்து தூக்கி, ரெண்டு பக்கமும் ஆக்ஸில் ஸ்டாண்ட் (வண்டி பாரத்த தாங்கற இரும்புக் கால்) வச்சு, வண்டிய ஸ்டாண்ட் மேல இறக்குங்க. உள்ள போறதுக்கு முன்னாடி கையால நல்லா ஆட்டிப் பாருங்க. ஜாக்கிய மட்டும் நம்பி ஒரு நிமிஷம் கூட அடியில போகாதீங்க, ஹைட்ராலிக் ஜாக்கி சொல்லாம கொள்ளாம இறங்கிடும்.

எங்க மாட்டுறதுன்னு பாக்கறது

அவசரப்படாம பண்ண வேண்டிய வேலை இதுதான். பிளாஸ்டிக் கவர கழட்டிட்டு, ஒரு லைட்டும் சாக்பீஸும் எடுத்துட்டு படுத்துக்கோங்க. சப் ஃபிரேம்லயும் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கற கெட்டி இரும்புச் சட்டம்) கிராஸ் மெம்பர்லயும் (குறுக்குச் சட்டம்) மரை போட்ட காலி ஓட்டை ஏதாவது இருக்கான்னு தேடுங்க, பல வண்டில இருக்கும், அதுதான் நமக்கு தங்கம். குறைஞ்சது 4 பாயிண்ட் வேணும், 6 கிடைச்சா நிம்மதி. பிளாஸ்டிக் கவர் மாட்டியிருந்த கிளிப்பு, சின்ன ஸ்க்ரூ இதெல்லாம் கணக்குல வராது, கல்லோட அடி முழுசும் சப் ஃபிரேமுக்குப் போய் சேரணும். ரேடியேட்டர் கீழ இருக்கற குறுக்குத் தகடு நிறைய வண்டில மெல்லிசுதான், அத மட்டும் நம்பி முன்பக்கத்த மாட்டாதீங்க.

செய்யக்கூடாதது சிலது இருக்கு. ஸ்டியரிங் ராக் (சக்கரத்த திருப்பற பாகம்), கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்த சட்டத்தோட இணைக்கற கை) இதோட போல்ட்ட கழட்டி அதுலயே பிளேட்ட சேர்த்து முறுக்காதீங்க. முன்னாடி பம்பர் பீம், அதுக்குப் பின்னாடி மோதுனா மடங்கறதுக்குன்னே செஞ்சிருக்கற பாகம், இதுல ஓட்டை போடறதோ வெல்டிங் வைக்கிறதோ கூடவே கூடாது. அது ரெண்டயும் சப் ஃபிரேமோட கட்டி இறுக்கிட்டா விபத்துல மடங்க வேண்டியது மடங்காது, ஏர்பேக் விரியற நேரமும் மாறலாம்.

அட்டையில மாதிரி

பெரிய அட்டைப்பெட்டிய பிரிச்சு எடுங்க. அத அடியில பிடிச்சு, போல்ட் ஓட்டைகள குறிச்சு, வளைவு எங்க வரணும்னு கோடு போட்டு மடிச்சு, டேப் ஒட்டி அப்படியே மாட்டிப் பாருங்க. சம்புக்கும் பிளேட்டுக்கும் நடுவுல 25 மி.மீ. இடைவெளியாவது வேணும், ஏன்னா இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல உக்காந்திருக்கு, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் அசையும், அதோட அடி விழும்போது பிளேட்டும் கொஞ்சம் உள்ள வளையும். சைலன்சர் பைப் பக்கத்துல 50 மி.மீ. விடுங்க. ஸ்டாண்ட்ல இருக்கும்போது சக்கரம் கீழ தொங்கிட்டு இருக்கும்ங்கறத மறந்துடாதீங்க, வண்டி தரையில நிக்கும்போது ஆர்ம் எல்லாம் வேற இடத்துல இருக்கும், அதனால அட்டையோட ஒரு தடவ இறக்கி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க.

டிரெயின் பிளக்குக்கு (பழைய ஆயில இறக்க சம்ப்ல இருக்கற போல்ட்) நேரா ஒரு ஓட்டை, ஆயில் ஃபில்டருக்கு ஒண்ணு. பிளக் சாய்வா இருந்தா ஆயில் நேரா விழாது, பக்கவாட்டுல பீச்சும், அதுக்குத் தகுந்த மாதிரி ஓட்டைய நீளமா வைங்க.

எந்த தகடு

இரும்புன்னா 3 மி.மீ., அலுமினியம்னா 5 மி.மீ. 700க்கு 600 மி.மீ. அளவுல இரும்பு கிட்டத்தட்ட 10 கிலோ வரும், அலுமினியம் 6 கிலோவுக்குள்ள முடிஞ்சிடும். அலுமினியம்ல 5052ங்கற ரகம் கேட்டு வாங்குங்க, நல்லா வளையும். 6061 டி6 பலமானதுதான், ஆனா வளைக்கற இடத்துல விரிசல் விடும். முதல் தடவ செய்யறவங்களுக்கு நான் இரும்புதான் சொல்லுவேன், தப்பு பண்ணா வெல்டிங் வச்சு சரி பண்ணலாம், நசுங்குனா தட்டி எடுக்கலாம், பெயிண்ட் மட்டும் ஒழுங்கா அடிக்கணும். ஜிங்க் பூசுன தகட வெல்டிங் பண்ண வேணாம், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

வெட்டு, வளைவு, ஓட்டை

இரும்ப கிரைண்டர்ல வெட்டலாம். அலுமினியத்த இரும்பு வெட்டற டிஸ்க்ல வெட்டாதீங்க, பொடி டிஸ்க்ல அப்பிக்கிட்டு சூடாகி டிஸ்க் உடைஞ்சு பறக்கும், பெரிய பல்லு பிளேடு போட்ட ஜிக்சாதான் நல்லது. கண்ணாடி கட்டாயம், டிரில் ஓடும்போது கையுறை வேணாம், சுத்தி இழுத்துடும். வெட்டுன ஓரத்த எல்லாம் அரம் வச்சு பிசிறு எடுங்க.

முன்பக்கம் 30ல இருந்து 45 டிகிரி வரைக்கும் மேல தூக்கி வளைக்கணும், அப்பதான் கல்லு கிட்ட வந்ததும் வழுக்கும். ரெண்டு பக்க ஓரத்தையும் 25 மி.மீ. மேல மடிச்சுட்டா அதே தகடு பல மடங்கு விறைப்பா நிக்கும். 5 மி.மீ. அலுமினியம் கையால வளையாது, அட்டைய எடுத்துட்டு பெண்டிங் மெஷின் இருக்கற பட்டறைக்குப் போயிடுங்க. 3 மி.மீ. இரும்புக்கு வீட்ல ஒரு வழி இருக்கு, வளைவு கோட்டுல உள்பக்கமா பாதி ஆழத்துக்கு கிரைண்டர்ல கீறி, மடிச்சு, அந்தக் கீறல் மேல வெல்டிங் ஓட்டிடலாம். வெல்டிங் எல்லாத்தையும் வண்டிய விட்டு வெளிய எடுத்து பண்ணுங்க.

போல்ட் ஓட்டைய வளைக்கறதுக்கு முன்னாடி போடாதீங்க, வளைச்சா அளவு நகர்ந்துடும். வளைச்ச அப்புறம் முன்பக்க ஓட்டை ரெண்ட மட்டும் போட்டு மாட்டுங்க. பின்பக்க மரை ஓட்டைல தலை இல்லாத குட்டி போல்ட்ட நுனி கீழ தெரியற மாதிரி திருகி, நுனில பெயிண்ட் தொட்டு வச்சு, பிளேட்ட மேல அழுத்துனா சரியான இடத்துல புள்ளி விழும். அங்க சென்டர் பஞ்ச் அடிச்சு, எம்8 போல்ட்டுக்கு (8 மி.மீ. போல்ட்) 10 மி.மீ. ஓட்டை போடுங்க, மாட்டும்போது அட்ஜஸ்ட் பண்ண இடம் இருக்கும்.

போல்ட் தலை வெளிய துருத்திட்டு இருக்கவே கூடாது. நான் செஞ்ச முதல் பிளேட்ல சாதா போல்ட்ட அப்படியே போட்டுட்டேன், ரெண்டே பயணத்துல கல்லு உரசி தலை எல்லாம் உருண்டையாயிடுச்சு, அடுத்த ஆயில் மாத்தறதுக்கு ஸ்பானர் பிடிக்காம கிரைண்டர்ல அறுத்துதான் கழட்டுனேன். அதனால போல்ட் இருக்கற இடத்துக்கு முன்னாடி ஒரு சின்ன இரும்புப் பட்டைய வெல்டிங் வைங்க, இல்லன்னா தகட்டுல பள்ளம் போட்டு தலைய உள்ள இறக்குங்க. கியர்பாக்ஸுக்கும் சேர்த்து ரெண்டு பிளேட் போடறீங்கன்னா மீன் செதில் மாதிரி, முன் பிளேட்டோட வால் பின் பிளேட்டுக்குக் கீழ வரணும், மாத்திப் போட்டா ஒவ்வொரு கல்லும் அந்த விளிம்புல மாட்டும்.

காத்து வெளியேற பின்பாதில நீள நீளமா நாலஞ்சு வெட்டு விடுங்க, இன்ஜின் சூடு அடியிலயும் இறங்கணும்.

மாட்டுறது

8.8 கிரேடு போல்ட், பெரிய வாஷர், நீல நிற த்ரெட் லாக்கர் (அதிர்வுல போல்ட் லூஸ் ஆகாம பிடிக்கற பசை). உயரம் பத்தலன்னா இரும்பு குழாய் ஸ்பேசர் வைங்க, ரப்பர மட்டும் வச்சா நசுங்கி போல்ட் லூஸ் ஆயிடும். அலுமினியமும் இரும்பும் நேரா தொட்டா ஈரத்துல அலுமினியம் அரிக்கும், நடுவுல பெயிண்டோ நைலான் வாஷரோ இருக்கட்டும். எல்லா போல்ட்டையும் கையால மரை ஏத்தி முடிச்ச அப்புறம்தான் இறுக்கணும், எம்8க்கு 25 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும், அந்த ஓட்டைக்கு மேனுவல்ல வேற அளவு சொல்லியிருந்தா அதுதான் கணக்கு.

இப்ப பிளேட்டுக்கு நடுவுல ஒரு மரக்கட்டை வச்சு ஜாக்கியால லேசா அழுத்தம் கொடுத்து, பக்கத்துல இருந்து லைட் அடிச்சு சம்ப் இடைவெளிய பாருங்க. கொஞ்சம் குறையும், தொட்டுச்சுன்னா ஓரமடிப்பு பத்தல, இல்ல ஸ்பேசர் பத்தல. 100 கி.மீ. ஓடுன அப்புறம் எல்லா போல்ட்டையும் ஒரு சுத்து செக் பண்ணுங்க, டெம்பரேச்சர் முள்ளு பழைய இடத்துலயே நிக்குதான்னும் பாருங்க. காஞ்ச புல்லுல ஓட்டுனா பிளேட்டுக்கும் பைப்புக்கும் நடுவுல சிக்குனத அன்னைக்கே கையால எடுத்துடணும், தீ பிடிக்கும். ஆயில் கசிவு இனிமே தரையில சொட்டாது, பிளேட்லயே தேங்கிடும், அதனால ஒவ்வொரு ஆயில் மாத்தலுக்கும் பிளேட்ட முழுசா கழட்டி சம்பையும் சுத்தி இருக்கற கேஸ்கெட்டையும் துடைச்சுப் பாத்துட்டு மாட்டுங்க.